ஒம்பதாம் நம்பர் கம்ப்யூட்டரில் கெடந்த பூ

அதுல வேண்டாம் சார், கால் ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க. நஃபீசாவா? வராந்தாவுல நின்னு அழுதுட்டு இருக்கா. பரீட்சையில அவ போட்ட பூவும், இந்த ஒம்பதாம் நம்பர் கம்ப்யூட்டருக்குள்ள கெடந்த பூவும் ஒண்ணுபோல இருக்குங்கறீங்க. பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடியே யாரோ போட்டுக் குடுத்து ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு. யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க.

நானா? இங்க கூட்டிப் பெருக்கறவ, கார்த்தியாயினி. மத்தியானம் பிள்ளைங்களுக்குக் கஞ்சியும் பயறும் ஊத்தறதும் நான்தான். சாயங்காலம் எல்லாரும் போனதும் இந்த ரூம். சில குரங்குங்க கம்ப்யூட்டர நிறுத்தாமலே ஓடிரும், திரையில பாதிப் படம் நிக்கும். பார்க்காம இருக்க முடியுமா சொல்லுங்க?

திரையில ஆமைன்னு ஒண்ணு, நாம எழுதற வரிப்படி கோடு போட்டுக்கிட்டே நகரும். நூறு அடி போன்னா போகும், திரும்புன்னா திரும்பும். எங்க வீட்டு ஆளுக்கு அது எவ்வளவோ தேவலை. ஒரு சதுரம் போட ஒரு பய எட்டு வரி எழுதியிருந்தான். போ, திரும்பு, போ, திரும்புன்னு. பக்கத்துல நஃபீசா மூணே வரி. இதையே நாலு தடவை செய்யின்னுட்டா, முடிஞ்சுது கதை. கெட்டிக்காரி சார் அவ!

கலரா? அதுக்குப் பட்டியல் இருக்குல்ல. ஆறு இதழுக்கு ஆறு கலர் பேரை வரிசையா எழுதி வச்சுட்டா, சுத்துக்கு ஒண்ணா எடுத்துக்கும். பிள்ளைங்க தட்டோட உக்காந்திருக்கும், நான் வாளியோட வருவேன், தட்டுக்கு ஒரு கரண்டி. அதேதான். ஆனா இதுல முதல் தட்டுக்கு நம்பர் பூஜ்யமாம். பூஜ்யம்னா அந்தப் பிள்ளைக்குச் சோறு கெடையாதுன்னுல்ல நான் நினைச்சேன்!

அப்புறம், திரும்புங்கற வரிய கொஞ்சம் எடம் விட்டு உள்ள தள்ளி எழுதணும், அப்பத்தான் சுத்துக்குச் சுத்து திரும்பும். இல்லேன்னா ஆறு இதழும் ஒரே எடத்துல ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, கடைசிக் கலர் மட்டும்தான் தெரியும். இதக் கண்டுபிடிக்க நாலு நாளாச்சு.

யாருக்கு நாலு நாளாச்சா? இருங்க, அதுக்கு வர்றேன்.

பாடப்புத்தகத்துல இருக்கற பூதான் சார் கேள்வியா வந்திருக்கு. அதே ஆறு கலர். யார் போட்டாலும் அப்படித்தான் வரும். நஃபீசா பரீட்சையில தானா உக்காந்து போட்டா. உள்ள கெடந்தத அவ கண்ணால பார்த்ததுகூட இல்ல. அத சேத்து வச்ச மணி அதுலயே இருக்கு, பாருங்க. செவ்வாக்கெழம, நாலே முக்கால். அவ நாலு மணி பஸ்ஸுல போயிருவா. நாலுக்கு மேல இந்த ரூம் சாவி யாருகிட்ட இருக்கும்?

ஆமா சார். என்கிட்டதான்.

மாணவர்கள் தவிர யாரும் தொடக்கூடாதுன்னு செவத்துல ஒட்டியிருக்கு, படிச்சேன். தினக்கூலி வேலைதான், நாளையிலேருந்து வராதேன்னா வரல. அதப் பத்தி ஹெட்மாஸ்டர்கிட்ட நானே பேசிக்கறேன். நீங்க மொதல்ல அந்தப் பொண்ண உள்ள கூப்பிட்டு, மார்க்கப் போட்டு விடுங்க.

அப்புறம்... அந்தப் பூவ மட்டும் அழிச்சிராதீங்க சார். நான் போட்டதுல அது ஒண்ணுதான் இதுவரைக்கும் முழுசா வந்திருக்கு.