மூணாவது நாற்காலி

மனைவி: தலையை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சாயம் கழுத்துல ஒழுகுது பாருங்க.

கணவன்: நான் எங்க ஆட்டினேன்? நீதான் காதைத் திருகுற.

மனைவி: காதுக்குப் பின்னாடியும் நரைச்சிருக்கே... மடக்காம எப்படித் தடவுறது?

கணவன்: மடக்குறது வேற, திருகுறது வேற. கல்யாணம் ஆன நாள்லேருந்து உனக்கு அந்த வித்தியாசம் தெரியல.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. படிக்கப் பணம் கட்டலாமா, வேணாமா?

கணவன்: யாரு?

மனைவி: இவ்வளவு நேரம் யாரைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்? எங்க துணிக்கடையில பில் போடுற பொண்ணு. அழகுக்கலைப் படிப்பு.

கணவன்: ஓ... உன்னை மாதிரியே பில் போடுற பொண்ணு.

மனைவி: ஆமா. என்னை மாதிரியே. ஏன் இழுக்கறீங்க?

கணவன்: சும்மா கேட்டேன். இருக்குற வேலை என்னவாம்?

மனைவி: காலையிலேருந்து நின்னுட்டே பில் போடுறா. முதலாளி மொறைப்பு வேற. நின்னுதான் ஆகணும்னா பிடிச்ச வேலையில நிக்கலாமேன்னு பார்க்கிறா.

கணவன்: நியாயம்தான். ஃபீஸ் எவ்வளவு?

மனைவி: அது வந்து... நீங்க ஒரு பழைய வேன் பார்த்து வெச்சிருக்கீங்கல்ல?

கணவன்: ம்.

மனைவி: கிட்டத்தட்ட அவ்வளவு.

கணவன்: அடேயப்பா! முடி வெட்டக் கத்துக்க ஒரு வேனா?

மனைவி: ஆட்டாதீங்க! முடி மட்டுமா? முகம், நகம், கல்யாணப் பொண்ணு அலங்காரம்... எல்லாம் இருக்கு. அதுவும் இது பாதி ஃபீஸ்தான். முதல் பாதியைக் கட்டிட்டா. படிச்சும் முடிச்சுட்டா.

கணவன்: அதுக்கு ஏது பணம்?

மனைவி: கடையில குடுத்த போனஸையெல்லாம் சேர்த்து...

கணவன்: உங்க கடையில போனஸே குடுக்க மாட்டாங்கன்னு சொன்னே?

மனைவி: அது... அவளுக்குக் குடுத்திருப்பாங்க.

கணவன்: குடுத்துவெச்சவ. சரி, படிச்சு முடிச்சா கையில என்ன நிக்கும்? சலூன்ல சேர்ந்ததும் கத்தரிக்கோலைக் கண்ணுல காட்ட மாட்டாங்க. விளக்குமாறுதான்.

மனைவி: தெரியும்.

கணவன்: உனக்கு ஏன் தெரியணும்? அவளுக்குத் தெரியுமா?

மனைவி: அவளுக்கும் தெரியும்! முதல் வருஷம் இப்ப வாங்குறதை விடக் கம்மிதான். பில்லே போட்டுட்டிருந்திருக்கலாம்னு தோணும்.

கணவன்: அப்புறம்?

மனைவி: அப்புறம் ஆளுங்க பேர் சொல்லிக் கேட்டு வருவாங்க. ‘அவங்க வெட்டினாத்தான் வெட்டிப்பேன்’னு. அப்படி வந்தா நல்ல கமிஷன். போட்டதை எடுத்துட்டு மேலயும் பார்க்கலாம்.

கணவன்: வரலைன்னா?

மனைவி: வராம எங்க போவாங்க?

கணவன்: ஒருத்தரும் கேட்டு வரலைன்னா?

மனைவி: அதை நெனைச்சாத்தான் தூக்கமே வரல... அவளுக்கு. திங்கக்கிழமைக்குள்ள கட்டலைன்னா இடம் போயிரும். கட்டிட்டு யாரும் வரலைன்னா பணம் போயிரும்.

கணவன்: புருஷன்காரன் என்ன சொல்றான்?

மனைவி: அவர்கிட்ட இன்னும் சொல்லல.

கணவன்: அடிச்சுருவானா?

மனைவி: ச்சே! தங்கமானவர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

கணவன்: அப்ப என்ன பயம்?

மனைவி: சிரிச்சுருவாரோன்னுதான். இந்த வயசுல பையைத் தூக்கிட்டுப் படிக்கப் போறியான்னு சிரிச்சா அவளால தாங்க முடியாது.

கணவன்: கொஞ்சம் இரு.

மனைவி: என்ன ஆச்சு?

கணவன்: மூக்குல சாயம். தொடைச்சு விடு.

மனைவி: அது இருக்கட்டும். மாசாமாசம் முடி வெட்டன்னு என்கிட்ட காசு வாங்கிட்டுப் போறீங்களே, எந்தக் கடை?

கணவன்: சந்துமுனைக் கடை. ஏன்?

மனைவி: அந்தக் கடையை மூடி எத்தனையோ மாசமாச்சு. இப்ப அங்க செருப்பு விக்கிறாங்க.

கணவன்: அப்படியா! அதான் ஒரே தோல் வாசனை...

மனைவி: தப்பிக்கப் பார்க்காதீங்க. தலை பூரா சாயம், எந்திரிச்சு ஓடவும் முடியாது.

கணவன்: சரி, சரி. படிக்கிறவங்க வெட்டிப் பழக ஆள் வேணும்னு ஒரு இடத்துல போர்டு மாட்டியிருந்தாங்க. இலவசம். உன் காசுல டீ குடிச்சேன், போதுமா?

மனைவி: அய்யய்யோ, படிக்கிறவங்ககிட்ட தலையைக் குடுத்தீங்களா? எப்படி... நல்லா வெட்டுறாங்களா?

கணவன்: முதல் தடவை எலி கொறிச்ச மாதிரி இருந்துச்சு. கூட ஒயரிங் பண்ற பசங்க நாள் பூரா சிரிச்சாங்க.

மனைவி: அவ்வளவு மோசமாவா?

கணவன்: உனக்கு ஏன் முகம் வாடுது? இப்ப எவ்வளவோ தேறிட்டா. மூணாவது நாற்காலிப் பொண்ணு. மாஸ்க்கும் தொப்பியும் போட்டிருப்பா, முகம் தெரியாது. என் கண்ணாடியையும் கழட்டி வெச்சுருவா. ஆனா அழகாத்தான் இருப்பா.

மனைவி: ஓஹோ! முகமே தெரியல, அழகா இருப்பாளாக்கும்?

கணவன்: கை அவ்வளவு மெத்துன்னு இருக்கும்.

மனைவி: கட்டினவளை வீட்டுல வெச்சுட்டு, அங்க போய் எவ கையோ மெத்துன்னு இருக்குன்னு... வெக்கமா இல்ல?

கணவன்: காது! காதை விடு!

அம்மா: என்னடா அங்க கூச்சல்? அவளை வம்புக்கு இழுக்காம உன்னால இருக்க முடியாதா?

மனைவி: நீங்களே கேளுங்க, அத்தை!

கணவன்: அம்மா, கொஞ்ச நாளா உன் புருவம் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கே, யாரு வேலை?

அம்மா: அது... தானா வளைஞ்சுருச்சுடா, வயசாகுதுல்ல. அதை விடு. வேன் விக்கிறவர் போன் பண்ணினார். வேன் வேண்டாம்னு போன வாரமே சொல்லிட்டியாமே, நிஜமாத்தானான்னு கேக்குறார்.

கணவன்: நிஜம்தான்னு சொல்லும்மா.

மனைவி: வேன் வேண்டாமா? ரெண்டு வருஷமா வேன், வேன்னு உயிரை விட்டீங்க! எதுக்கு வேண்டாம்னீங்க?

கணவன்: ஏணியும் ஒயரும் ஏத்த இப்ப இருக்குற வண்டியே போதும்னு தோணிச்சு. திங்கக்கிழமை ஒரு செலவும் இருக்கு.

மனைவி: திங்கக்கிழமையா... ஏங்க... அப்ப உங்களுக்கு... எப்பலேருந்து?

கணவன்: முதல் நாளே.

மனைவி: எப்படி? நான் வாயே தெறக்கலையே! முகத்துல கண்ணைத் தவிர எதுவும் தெரியலையே! அதுவும் நீங்க கண்ணாடி இல்லாம...

கணவன்: காதைத் திருகினியே, அது போதாதா? அஞ்சு நாற்காலி போட்டிருக்காங்க. எலி கொறிச்ச தலையோட அடுத்த மாசமும் வந்தேன். மத்த நாலும் காலியாக் கெடந்துச்சு. பேர் சொன்னா நீ ஓடிருவேன்னு, ‘மூணாவது நாற்காலிக்காரங்க வெட்டினாத்தான் வெட்டிப்பேன்’னு சொல்லிட்டுப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். அடுத்த பாதி ஃபீஸும் கடைசி நாளும் அங்க சுவத்துலதான் ஒட்டியிருந்துச்சு. கேட்டு யாரு வருவா, யாரு வருவான்னு தூக்கத்தைக் கெடுத்துக்காதே... ஒருத்தன் மாசாமாசம் வந்துட்டுதான் இருக்கான்.