இடது பக்கத்துக்கு ஓர் ஆள்

இந்த வேலையில் உடம்பைக் கெடுப்பது விமானப் பயணம் இல்லை, அம்மாக்களின் சமையல். ஊர் ஊராகப் போய்க் கல்லூரிப் பையன்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்து, எவனை எடுக்கலாம் என்று அணிக்குச் சொல்கிறவன் நான். பையன் மனசுக்குப் பிடித்துவிட்டால் அவன் வீட்டுக்கும் போவேன். போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். நான் கண்டுபிடித்த நல்ல ஆட்டக்காரர்களை விட என் இடுப்பில் ஏறிய அங்குலங்கள் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். அவள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் இல்லை.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது எங்கள் அணி டாக்டர் லோரிங்கைப் பற்றி. நோலன் ஹேகனின் கழுத்தை அவர் ஏன் படம் எடுத்துப் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவர் நல்ல மனிதர். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

போன சீசன் முடிந்ததும் எங்கள் டொலீடோ ஹெரான்ஸ் அணி, விருந்தாளிகள் கிளம்பிப்போன கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தைக் காக்கிற இரண்டு பேர் வேறு அணிகளுக்குப் போனார்கள். நடுவில் நின்று பந்தைப் பின்னால் தள்ளிவிடுகிறவர் ஓய்வு பெற்றுப் படகு விற்கப் போனார். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். இடது டாக்கிளும் போய்விட்டான். பந்தை எறிகிற எங்கள் குவாட்டர்பேக் வலது கைக்காரன். எறிவதற்காகத் திரும்பினால் அவன் முதுகு இடது பக்கம் இருக்கும். அங்கிருந்து பாய்ந்து வருகிறவனை அவனால் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் நின்று தடுக்கிற இடது டாக்கிள்தான் அவன் முதுகுக்குக் கண்.

"யோவ் டெல், கதவில்லாத வீட்டுல நகைய வச்சிட்டு உக்காந்திருக்கோம்யா," என்றார் எங்கள் மேலாளர் டூலி.

ஏப்ரலில் டிராஃப்ட் வரும். கல்லூரி முடித்தவர்களை அணிகள் முறை வைத்து எடுத்துக்கொள்ளும். மட்டமாக ஆடிய அணிக்கு முதல் முறை. நாங்கள் மட்டமாகவும் ஆடவில்லை, நன்றாகவும் ஆடவில்லை, அதனால் பத்தொன்பதாவதாக நின்றோம். ஓரக் காவலுக்கு இரண்டாவது சுற்றில் ஆள் கிடைப்பான். நடுவுக்கு அதற்கும் பிறகு கிடைப்பான். இடது பக்கத்துக்கு அந்த வருடம் உருப்படியானவன் ஒருவன்தான், அயோவா மாட்டுப்பண்ணைப் பையன் நோலன். முதல் பத்துக்குள் போய்விடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். முன்னால் போய் எடுக்க வேண்டுமென்றால் அடுத்த வருடத்து முறையையும் இன்னோர் அணிக்குக் கொடுக்க வேண்டும். டூலி மாட்டேன் என்றுவிட்டார்.

மார்ச்சில் நோலன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மார்னா பன்றிக்கறி உருண்டையும் பால்விட்டு வேகவைத்த சோளமும் செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்து நோலன் பால் கறக்கப் போனான். மார்னா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"டெல், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"இவ்வளவு தின்னவன் எழுந்திரிக்கவே முடியாது, கோவம் எங்க படறது?"

அவள் சிரிக்கவில்லை.

"பலமா இடிச்சா அவனுக்கு ரெண்டு கையும் மரத்துப் போகுது. கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

"டாக்டருங்க எல்லாம் பாத்தாங்களே?"

"முட்டியப் பாத்தாங்க, தோளப் பாத்தாங்க. கழுத்துல ஏதாவதுன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டான். கல்லு மாதிரி இருக்கானா, நம்பிட்டாங்க." மேசையில் இல்லாத துணுக்குகளைக் கையால் தள்ளினாள். "உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க டெல். நான் சொன்னதா வேண்டாம், அவரே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும். ஆட்டம் போனா போகட்டும். இங்க மாடு இருக்கு, வேலை இருக்கு. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்."

"சொல்றேன், மார்னா," என்றேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு துண்டு ஆப்பிள் பலகாரம் கட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது காரில் எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதத்தில் எங்கள் தொழிலில் ஒருவனும் உண்மை பேசமாட்டான். பிடித்த பையனைச் சோம்பேறி என்போம். பிடிக்காதவனை வானத்துக்குத் தூக்குவோம். புகை போடுவது என்று அதற்குப் பெயர். எல்லோரும் போடுவார்கள், எல்லோரும் அதைத் திட்டுவார்கள், எல்லோரும் கொஞ்சம் நம்பவும் செய்வார்கள். டிராஃப்டுக்கு முந்தின வாரம், எங்களுக்கு முன்னால் முறை வைத்திருந்த அணிகளில் எனக்குத் தெரிந்தவர்களோடு பேசினேன். குடும்பம் எப்படி, நாய் எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில், "ஹேகன் பையனுக்குக் கழுத்து சரியில்லையாமே?" என்றேன். மறுபடி சோதிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. இரண்டே நாளில் தொலைக்காட்சியிலும் அதைப் பேசினார்கள்.

எங்கள் அறைக்கும் அது வந்து சேர்ந்தது. டாக்டர் லோரிங்தான் பேச்சை எடுத்தார்.

"டெல், கழுத்துன்னு என்னமோ பேசிக்கிறாங்களே. நம்மகிட்ட வந்தான்னா ஒரு படம் எடுத்துப் பாத்துடவா?"

"அது நான் போட்ட புகை, டாக்டர்."

அறையே சிரித்தது. டூலி என் முதுகில் தட்டி, "அடப்பாவி, நானே நம்பிட்டேன்யா," என்றார். டாக்டர் கொஞ்சம் வெட்கப்பட்டுப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். புகை நான் போட்டதுதான்.

டிராஃப்ட் அன்று நோலனின் வீட்டைத் திரையில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வோர் அணியாக அவனை விட்டுவிட்டுப் போயிற்று. புதுச் சட்டையில் அவன் சோபாவில் குறுகிக்கொண்டே போனான், அவ்வளவு பெரிய உடம்பு. பக்கத்தில் மார்னா நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எங்கள் முறை வந்தது. பெயரைச் சொன்னோம். அவன் அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"உங்க டாக்டர் பாத்துட்டுத்தான் எடுத்தாங்களா, டெல்?"

"எல்லாம் பாத்தாச்சு, மார்னா."

வேறு அணி எடுத்திருந்தால் அங்கே இவன் கழுத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். எங்களிடம் நான் இருந்தேன். பயிற்சி முகாம் தொடங்கியதும் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதாக இருந்தேன். ஆனால் நோலன் ஆடுவதைப் பார்த்தபோது வாய் வரவில்லை. குவாட்டர்பேக்கின் சட்டையில் புல்கறை படவில்லை. டூலி என்னைக் கட்டிக்கொண்டார். ஊரே என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கியது. அடுத்த வாரம் சொல்லலாம், ஒரு தோல்வி வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். தோல்வி வரவில்லை.

சும்மா இருந்துவிடவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் தொலைநோக்கியில் அவன் விரல்களைத்தான் பார்ப்பேன். செப்டம்பரில் ஒருநாள் ஈரத்தை உதறுவது போல அவன் கைகளை உதறிக்கொண்டு நின்றான்.

"என்னடா?" என்றேன்.

"குளிருது சார்."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவனுக்கு நல்ல கையுறையாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபரில் நடந்தது பெரிய மோதல் ஒன்றுமில்லை. மறுநாள் யாருக்கும் நினைவில் நிற்காத மாதிரியான ஓர் ஆட்டம். எழுந்தவர்கள் எழுந்தார்கள், அவன் குப்புறக் கிடந்தான். டாக்டர் ஓடுவதற்குள் என் தொலைநோக்கி அவன் கையின் பக்கம் திரும்பியிருந்தது. விரல்கள் அசையவில்லை. இன்னும் அசையவில்லை. மூச்சை ஓர் இயந்திரம் விடுகிறது. கண்ணைச் சிமிட்டினால் ஆமாம், மூடிக்கொண்டால் இல்லை.

ஆஸ்பத்திரி நடையில் மார்னா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

"நீங்க சொன்னீங்க டெல். எனக்குத் தெரியும். அன்னிக்கு டிவில ஒவ்வொருத்தனா அவனை வேண்டாம்னு விட்டப்பவே, டெல் வாக்கக் காப்பாத்திட்டார்னு நெனச்சேன். உங்க டாக்டர்தான் காதுல போட்டுக்கல. அந்த ஆளச் சும்மா விடமாட்டேன்."

அந்தப் புகாரில்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நான் அவளை மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கு அவளுக்கு நம்புவதற்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார், அதையும் நான் எப்படிப் பிடுங்குவேன்? ஞாயிறுதோறும் போய் அவனுக்கு ஆட்ட முடிவுகளைப் படித்துக் காட்டுகிறேன். திரும்பும்போது அவள் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதிலும் பெரிய தப்பில்லை. சொல்கிறேன் என்றேன், சொன்னேன். எங்கள் டாக்டரைத் தவிர எல்லோரிடமும் சொன்னேன்.