கனிவான கவனத்திற்கு

காது: மறுபடியும் அதே இடத்துலதான்க்கா இடறுது. மொத வரி வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது. 'நபர்'னு வந்ததும் வண்டி நின்னுடுது.

குரல்: தொண்டைல என்னமோ கிச்சுகிச்சுங்குது. இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊத்து.

காது: ஃப்ளாஸ்க் காலி. இதுக்கு மேல குடிச்சா ரயில் ஓடாது, கப்பல்தான் ஓடும்.

குரல்: வாய்க்கொழுப்பு... ஆமா, எறும்பு நடந்தாக்கூட ஒலிப்பதிவுல உனக்குக் கேக்கும்னுதானே ஊரே உன்னக் 'காது'ன்னு கூப்பிடுது? இன்னிக்கு என்ன, ஹெட்போன ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருக்க?

காது: ஸ்டைலு.

குரல்: தலை பாதி நரைச்சாச்சு, ஸ்டைலாம். இந்த மைக்குக்கும் ஸ்டைலா? ஒரு பக்கம் வலை நசுங்கிப் பள்ளம் விழுந்து கெடக்கு.

காது: கை தவறிடுச்சு.

குரல்: உன் கையா? பெத்த புள்ளைய விட பத்திரமா மைக்கத் தூக்கறவன்டா நீ.

காது: யானைக்கும் அடி சறுக்கும். கதைய விடுங்கக்கா. நாளைக்குக் காலைல ஸ்டேஷன் திறக்கறாங்க. குண்டு வெடிச்சதுக்கப்புறம் மொத வண்டி. இந்த அறிவிப்பு கைக்கு வராம வண்டிய எடுக்க மாட்டாங்களாம். மாநிலம் பூரா எல்லா ஸ்டேஷன்லயும் உங்க குரல்தான்... சிவப்பு விளக்கு எரியுது, ஆரம்பிங்க.

குரல்: 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொடாதீர்கள். சந்தேகத்திற்கிடமான ந... ந...'

காது: நிறுத்திட்டேன்.

குரல்: நான்தானே நிறுத்தினேன், நீ என்னத்த நிறுத்தின?

அதிகாரி: உள்ள வரலாமா?

காது: வந்துட்டு கேக்கறீங்களே சார். வாங்க. பாதுகாப்பு அதிகாரி வந்தா கதவு தானா திறக்கும்.

அதிகாரி: கிண்டலுக்கு நேரமில்லப்பா. ரெண்டு வரி. காலைல இருந்து ரெண்டே ரெண்டு வரி. புயல்ல வண்டி நின்னப்ப விடிய விடிய பேசின அம்மாவுக்கு இது ஒரு வேலையா?

குரல்: நாக்கு வரல சார்.

அதிகாரி: நாக்கு வரலையா, மனசு வரலையா?

குரல்: ...ரெண்டும்தான்.

அதிகாரி: அப்படிப் போடுங்க. எனக்கு அப்பவே தெரியும்.

குரல்: சார், இத நீங்களே ஒரு தடவ வாய் விட்டுப் படிங்க.

அதிகாரி: 'சந்தேகத்திற்கிடமான நபர்களைக் கண்டால் உடனே பிடித்துக் காவலரிடம் ஒப்படைக்கவும்.' இதுல என்ன தப்பு?

குரல்: 'கனிவான கவனத்திற்கு'ன்னு ஆரம்பிச்சு 'பிடித்து'ன்னு முடிக்கறோம். கனிவு எங்க போச்சு, நடுவுல எந்த ஸ்டேஷன்ல எறங்கிடுச்சு?

காது: ஹ... மன்னிச்சுக்குங்க சார். சிரிப்பு வந்துடுச்சு.

குரல்: அதுவும் 'நபர்'... யாராவது வீட்ல ஒருத்தர நபர்னு கூப்பிடுவாங்களா? என் வீட்டுக்காரர 'நபரே, சாப்பிட வாங்க'ன்னு கூப்பிட்டா மனுஷன் ரெண்டு நாள் பேச மாட்டார். டிக்கெட் வாங்கினவர் பயணி. வழியனுப்ப வந்தவர் உறவு. நான் மைக்குக்கு முன்னாடி உக்காந்த நாள்லேர்ந்து எல்லாரையும் பயணின்னுதான் சொல்லிட்டு வர்றேன். இப்ப எப்படி நபர் ஆனாங்க?

அதிகாரி: குண்டு வெச்சவனும் டிக்கெட் வாங்கிட்டுத்தான்மா வந்தான். ஜனங்க பயந்து போய்க் கெடக்காங்க. ஏதாவது செய்யுங்கன்னு மேல இருக்கறவங்க சட்டையப் பிடிக்கறாங்க. அவங்க என் சட்டையப் பிடிக்கறாங்க. கையக் கட்டிட்டு உக்காரச் சொல்றீங்களா?

குரல்: வாசல்ல பைய சோதிங்க, கேமரா வைங்க, போலீஸ நிறுத்துங்க. வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா முன்னெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட எந்த ஊருன்னு கேப்பாங்க. இப்ப அவர் மடியில என்ன இருக்குன்னு ஓரக்கண்ணால பாக்கறாங்க. பஸ்ல வரும்போது நானே பாத்தேன் சார், எனக்கே வெக்கமா போச்சு. இந்த லட்சணத்துல 'பிடி'ன்னு வேற சொன்னா?

அதிகாரி: சொன்னா என்ன?

குரல்: அன்னைக்கு நடந்ததுதான் எல்லா ஸ்டேஷன்லயும் நடக்கும்.

அதிகாரி: பையில ஒயரோட ஓடினானே, அவன் கதையா? அத எடுக்காதீங்க. உங்களுக்கு நல்லதில்ல.

குரல்: ஸ்டேஷன்ல நான் அறிவிப்பு படிக்கற கண்ணாடி ரூம்ல இருந்து நேராத் தெரிஞ்சுது சார். டிக்கெட் கவுண்டர் பக்கம் வெடிச்சுது, புகை. எல்லாரும் ஓடறாங்க, அவனும் ஓடறான். பையில இருந்து ஒயர் தொங்குது. யாரோ 'அந்தா ஓடறான், புடி'ன்னான். அவ்வளவுதான். ஆள் தெரியல, முதுகும் கையும்தான் தெரியுது. எத்தன கை...

காது: அக்கா, விடுங்க.

குரல்: நீ சும்மா இரு.

அதிகாரி: ஒயரோட ஓடினா என்ன நெனைப்பாங்க?

குரல்: குண்டு வெடிச்சா ஓடாம, உக்காந்து காபியா குடிப்பாங்க?

அதிகாரி: உண்மையிலேயே அவன் குண்டு வெச்சவனா இருந்திருந்தா? நீங்க மைக்குல பேசினதால கூட்டம் விலகுச்சு, அவன் எழுந்து போயிட்டான். மறுநாளே இன்னொரு இடத்துல வெச்சிருந்தான்னா, அந்த உசிருக்கு யார் பதில் சொல்றது?

குரல்: அந்த பயம் எனக்கும் இருந்துச்சு சார். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா புடிக்கத் தெரிஞ்சவன் புடிக்கட்டும். அதுக்குத்தானே உங்க ஆளுங்க? ரயில்ல ஏறினவன் எல்லாம் இன்ஜின ஓட்டலாம்னு விடுவீங்களா?

அதிகாரி: பேச்சுல உங்கள ஜெயிக்க முடியுமா... சரி, விஷயத்துக்கு வர்றேன். எழுதிக் குடுக்காதத அன்னைக்கு மைக்குல பேசினீங்க. மேல இருக்கறவங்க இன்னும் கடுப்புல இருக்காங்க. இந்த ரெண்டு வரியப் படிச்சுட்டா அத மறந்துடறோம்னு சொல்றாங்க. இல்லேன்னா நாளைக்கு அந்த நாற்காலில வேற ஆளு.

காது: என்ன சார் இது, மிரட்டலா?

அதிகாரி: நான் மிரட்டல. சொல்லச் சொன்னத சொல்றேன்.

குரல்: நாற்காலிதானே சார். வீட்லயும் ஒண்ணு இருக்கு.

அதிகாரி: அம்மா...

குரல்: எனக்கு ஒரே ஒரு உறுத்தல்தான். அந்தப் புள்ள உசிரோட இருக்கானான்னுகூடத் தெரியல. எழுந்து தள்ளாடி நடந்தான், மொகம்கூடத் தெரியல, புகைக்குள்ள போயிட்டான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா விசாரிச்சேன். பேர் தெரியாம யாரைன்னு கேப்பேன்? அவங்க திருப்பிக் கேக்கறாங்க, 'எந்த நபர்மா?'ன்னு.

அதிகாரி: நபர்... நம்ம ஸ்டேஷன்ல ஒரு போர்ட்டர் இருந்தான். நான் வேலைல சேர்ந்த அன்னைக்கு என் பெட்டியத் தூக்கினவன். காசு வேண்டாம், டீ வாங்கிக் குடுங்கன்னான். அதுக்கப்புறம் தெனம் டீ அவன்தான் வாங்கிக் குடுத்தான்.

குரல்: தெரியும் சார். கேள்விப்பட்டேன்.

அதிகாரி: குண்டு வெடிச்ச அன்னைக்கு ஆஸ்பத்திரில போய்த் தேடறேன். கால் கட்டைவிரல்ல ஒரு சீட்டு கட்டியிருக்கு. 'அடையாளம் தெரியாத நபர்.' பேரு இருந்துச்சு, பொண்டாட்டி இருந்தா, நக்கல் இருந்துச்சு... நபராம். அந்த வரிய அடிச்சுட்டு அவன் பேரை நானே எழுதினேன்.

குரல்: உக்காருங்க சார். நின்னுட்டே இருக்கீங்க.

அதிகாரி: பரவால்ல. பேனா இருக்காப்பா?

காது: இந்தாங்க.

அதிகாரி: 'நபர்' வேண்டாம். 'பிடித்து'ம் வேண்டாம். மேல நான் பேசிக்கறேன், கத்தினா கத்தட்டும். கத்தறது ஒண்ணும் புதுசில்ல... அன்னைக்கு நீங்க என்ன சொல்லிக் கூட்டத்த விலக்கினீங்க? அதையே பதிஞ்சுடலாம். அதுக்கு வேலை செய்யத் தெரியும்னு கண்ணால பாத்தாச்சு.

குரல்: சத்தியமா ஞாபகம் இல்ல சார். வாயில வந்ததச் சொன்னேன். கரண்ட் போய் வந்ததுல பதிவும் இல்ல.

காது: 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடையில் கீழே கிடப்பவர் நம்முடைய பயணி. அவர் மேலிருந்து கையை எடுங்கள். காவலர் வருகிறார். அதுவரை அவருக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.' இதான்க்கா. ரெண்டு தடவ சொன்னீங்க. ரெண்டாவது தடவ 'பயணி'யக் கொஞ்சம் அழுத்தினீங்க.

குரல்: ஆமா... அப்படியேதான். அட, வார்த்த பிசகாம சொல்றானே.

அதிகாரி: இருப்பா. பதிவு இல்ல, பேப்பர்லயும் வரல. நீ அந்த வாரம் லீவுல இருந்ததா உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. உனக்கு எப்படித் தெரியும்?

குரல்: மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன்னுதானேடா என்கிட்ட சொன்ன?

காது: லீவு அதுக்கு மறுநாள்லேர்ந்துக்கா... அன்னைக்கு உங்க ரூமுக்குத்தான் வந்துட்டிருந்தேன், இந்த மைக்க மாட்ட. ஒயரெல்லாம் பைக்குள்ள அடங்கல. அடிச்சதுல எடது காது அடைச்சுப் போச்சு, வலது காதுலதான் உங்க குரல் கேட்டுது. 'பயணி'ன்னு நீங்க சொன்னதும் மொத கை விலகுச்சு... சொன்னா அழுவீங்க, அழுதா தொண்டை கட்டிக்கும்னுதான் சொல்லல. இப்பவும் அழக் கூடாது, சிவப்பு விளக்கு எரியுது. ம்... 'கனிவான கவனத்திற்கு'லேர்ந்து வாங்கக்கா.