சின்னக் கப்பின் கடைசி ஃபைனல்

— கிளவுஸைக் கழட்டு மாப்ள. இன்னிக்கு கோல்ல நெட்டை நிக்கிறான்.

— என்ன மாமா, மேட்ச் ஆரம்பிக்கப் போற நேரத்துல விளையாடுறீங்க?

— இங்க நான் மாமா இல்ல. கோச்.

— சரிங்க கோச். என் அக்காவைக் கட்டினதை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்க, சந்தோஷம். காரணத்தைச் சொல்லுங்க.

— கிளப் முதலாளி சொல்லிட்டார். லீக்ல கீழ கிடக்குறோம். பெரிய கப்புல போன வேகத்துல வெளியே வந்துட்டோம். மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். நம்பர் ஒன் கீப்பர்தான் நிக்கணும்னுட்டார்.

— இந்தச் சின்னக் கப்பா வேணுமாம்? போன மாசம் டிவியில உக்காந்து, 'இந்தப் போட்டியே தண்டம், எடுத்துத் தொலைங்க'ன்னு சொன்னது யாரு கோச்?

— நான்தான். இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். லீக் ஒரு பக்கம், பெரிய கப்பு ஒரு பக்கம், நடுவுல இது வேற. பசங்க கால் என்ன இரும்பா? பாதி நாற்காலி காலியாக் கிடக்கு. யாருக்காக ஆடணும்?

— எனக்காக.

— உனக்காக ஒரு போட்டியா?

— பெஞ்சுல உக்காந்து உக்காந்து டிரவுசர் தேஞ்சு போன எல்லாருக்காகவும். நெட்டை வாரா வாரம் லீக் ஆடுறான், அவனுக்கு இது தண்டம்தான். நான் வருஷம் முழுக்க அவனுக்குப் பந்து எறிஞ்சு போடுறவன். என் ஷூவுல சேறு படுறதே இந்தக் கப்புலதான்.

— கேளு...

— நீங்க கேளுங்க. முதல் ரவுண்டுக்கு எங்களை ஏன் அனுப்புனீங்க? தோத்துட்டுச் சீக்கிரம் வந்து சேரட்டும்னுதானே? பஸ் ஏறும்போதே, 'ரொம்ப மெனக்கெடாதீங்க'ன்னு சொன்னீங்க. மெனக்கெட்டோம். அதுதான் தப்பாப் போச்சு. முட்டி மோதி ஃபைனல் வரைக்கும் வந்தாச்சு, இப்ப போட்டோ எடுக்கிற நேரத்துல நெட்டை வந்து நடுவுல நிப்பானா?

— ஃபுட்பால்னா அப்படித்தான்டா.

— அடுத்த வருஷத்துல இருந்து இந்தக் கப்பே கிடையாதுன்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு முப்பத்தி நாலு வயசு. இதை விட்டா எனக்கு இன்னொரு ஃபைனல் எங்க இருந்து வரும்?

— வராது. தெரியும்.

— தெரிஞ்சுதான் பண்றீங்களா?

— கோச், நடுவர் ரூம்ல இருந்து கேக்குறாங்க. கோல்ல யாரு பேரு குடுக்கட்டும்?

— மேனேஜர், கொஞ்சம் பொறு. கதவைச் சாத்திட்டுப் போ.

— மேனேஜருக்கே தெரியலயே. அப்போ முதலாளி யார்கிட்டதான் சொன்னார்?

— என்கிட்ட. காலையில, போன்ல.

— மாமா, முதலாளியை இப்பத்தான் வராண்டாவுல பார்த்தேன். தோள்ல தட்டி, 'இன்னிக்கும் நீதான்யா நம்மளைக் காப்பாத்தணும்'னு சொல்லிட்டுப் போறார்.

— சரி. முதலாளி சொல்லல. என் முடிவு.

— ஏன்? மச்சானுக்குச் சலுகை காட்டுறார்னு எவனாவது பேசிட்டானா?

— எப்படி வேணாலும் வெச்சுக்கோ. திட்டு. என் சட்டையைப் பிடி. கிளவுஸை மட்டும் குடுத்துடு.

— தர மாட்டேன். மேல அக்கா உக்காந்திருப்பா. அவ பார்க்க நான் பெஞ்சுல போய் உக்காரணுமா? வீட்டுக்குப் போய் அவ மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?

— அவ வரல.

— வர்றேன்னு சொன்னாளே!

— சொன்னா. கிளம்பி வாசல் வரைக்கும் வந்தா. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அவளால பார்க்க முடியாதாம்.

— எதை?

— எதைன்னு என்னையே கேக்குறியா?

— மாமா...

— கால் இறுதியில அந்தத் தடியனோட முட்டி உன் நெத்திப்பொட்டுல இடிச்சுதே. அன்னிக்கு நானும் டாக்டரும் மாத்தி மாத்திக் கேட்டோம். 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு சிரிச்ச. நேத்து எங்க வீட்டுல தண்ணியை டம்ளருக்கு வெளியே ஊத்துனியாம். எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு அவகிட்ட சொல்லிட்டு, என்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்க.

— அவ சொல்லிட்டாளா?

— அழுதுகிட்டே சொன்னா. தான் சொன்னது உனக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கினா. அதான் முதலாளியை நடுவுல இழுத்தேன். நீ என்னை வெறுத்தாப் பரவாயில்லடா. அவளை வெறுத்துடாதே.

— தொண்ணூறு நிமிஷம் மாமா. செமி ஃபைனல்ல சமாளிச்சேன்ல?

— இன்னொரு முட்டி பட்டா என்ன ஆகும்னு தெரியுமா? தண்டம்னு நானே சொன்ன கப்புக்காக உன்னைத் தூக்கிட்டுப் போய் அவகிட்ட எப்படிடா குடுப்பேன்?

— உங்களுக்குத் தண்டம். எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்.

— தெரியும். தெரிஞ்சதாலதான் கோச் வேலையை மறந்துட்டு உன்கிட்ட கெஞ்சிட்டு நிக்கிறேன்.

— கோச், ரொம்ப நேரமாச்சு. நடுவர் சத்தம் போடுறார். யாரு பேரு?

— நானே சொல்றேன் மேனேஜர். நெட்டை. நெட்டை பேரைக் குடுங்க.

— மாப்ள...

— கிளவுஸை நீங்களே கழட்டிடுங்க. அப்புறம் என் இடது கையைப் பிடிச்சுக்கோங்க மாமா. ரெண்டாத் தெரிஞ்சதெல்லாம் நேத்தோட சரி. காலையில இருந்து அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல.