பதில் கவருக்கு ஒட்டுன ஸ்டாம்ப்

இல்லீங்க சார், ஸ்டாம்ப் கம்மியெல்லாம் இல்லீங்க. நீங்களேதான எடை போட்டுக் குடுத்தீங்க? போற கவருக்கு ஒட்டுனேன், அவங்க பதில் போடறதுக்குன்னு உள்ள மடிச்சு வச்ச கவருக்கும் ஒட்டுனேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஆப்பிரிக்கா டவுன் ஆபீசுலருந்து இந்தக் காகிதம் வருது. இந்திய ஸ்டாம்ப் இங்க செல்லாது, எங்க நாட்டு ஸ்டாம்ப் அனுப்புங்க, இல்லைன்னா ரிப்ளை கூப்பன் அனுப்புங்க, அதைக் குடுத்து இங்க ஸ்டாம்ப் வாங்கிக்கறோம்ங்கறான். இதைச் சொல்றதுக்குத் தன் செலவுல லெட்டர் போடத் தெரிஞ்சவனுக்கு, நான் கேட்ட சர்டிபிகேட்டையும் அதுலயே மடிச்சு வச்சா கை சுளுக்கிக்குமா?

சிரிங்க, சிரிங்க. எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க. இப்பல்லாம் கோவமே வர்றதில்ல, வாய் மட்டும் பழக்கத்துல பேசுது.

என்னது, படிச்சவங்களுக்கு இதுகூடத் தெரியாதாவா? கான்வென்ட்டுல சிஸ்டருங்க ஃப்ரம் அட்ரஸ் எங்க, டு அட்ரஸ் எங்கன்னு ஸ்கேல்ல அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. திரும்பி வர்றதைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் ஜாதகம் அனுப்பறதுதானுங்களே. பொருந்தலைன்னா திருப்பி அனுப்பீருங்கன்னு, ஸ்டாம்ப் ஒட்டி நம்ம அட்ரஸ் எழுதி ஒரு கவரு வைப்போமில்ல? எங்கப்பா பதினோரு ஊட்டுக்கு அப்படி அனுப்புனாரு. பத்து திரும்பி வந்துச்சு. ராசிபுரத்துக்காரங்க மட்டும் ஜாதகத்தையும் வச்சுக்கிட்டாங்க, ஸ்டாம்பையும் வச்சுக்கிட்டாங்க. அங்கதான் என்னைக் குடுத்தாங்க. அந்த நெனப்புலயே ஆப்பிரிக்காவுக்கும் வச்சுட்டேன்.

சரி, அந்தக் கூப்பனைக் குடுங்க. இல்லீங்களா? நீங்களே கண்ணால பாத்ததில்லையா? நல்லாருக்குதுங்க.

ஈமெயில்ல கேக்கறதா? சர்டிபிகேட் காப்பி அதுல ஏற்கெனவே வந்துச்சுங்க. என் கேஸை நடத்தற வக்கீலம்மா அது கோர்ட்டுல செல்லாதுன்னுட்டாங்க. சீல் வச்ச ஒரிஜினல் வேணுமாம். ஜனவரியில வாய்தா, அதுதான் கடைசின்னு ஜட்ஜ் சொல்லீட்டாரு. அன்னைக்கு அது என் கையில இல்லைன்னா கேஸே நிக்காதுங்க.

அங்க தெரிஞ்ச ஆளா? அந்த ஊரு ஸ்டாம்ப் வாங்கி அனுப்பறதுக்கா? இருக்காருங்க ஒருத்தரு. எங்க ஊட்டுக்காரரு, ஆனந்தகுமாரு. போர்வெல் ரிக்கு வண்டியோட போயி ஆறு வருசமா அங்கதான் போர் போட்டுக்கிட்டிருக்காரு. அந்த டவுன் ஆபீசுக்கு நாலு தெரு தள்ளித்தான் ஊடாம்.

கேக்கலாந்தானுங்க. ஆனா நான் கேட்டிருக்கறதே அவரோட கல்யாண சர்டிபிகேட்டுங்க. இல்லீங்க சார், எங்களுது திருச்செங்கோட்டுல வாங்குனது பீரோவுல இருக்குது. இது போன வைகாசியில அங்க ஒருத்தியக் கட்டுனதுக்கு.

எதுக்குங்க எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. சேலத்துப் பெரிய ஆபீசுல கூப்பன் இருக்குமான்னு மட்டும் போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க.