ஜட்ஜம்மா தோஸ்து

…ஜட்ஜுன்னா வர்ற கேஸ கேக்கணுமா இல்லியா? கேக்கமாட்டேன்னா இன்னா நைனா அர்த்தம்? நீ துன்னு, இட்லி ஆறிடப் போவுது.

ஐகோர்ட்டுல ரெண்டு வருசம் காத்துகினு கெடந்து, நேத்து தான் என் அப்பீலு வந்திச்சு. மாமனாரு வூடு பூரா தன்னுதுதான்னு என் கொழுந்தன், சாவியோன்னு பேரு, கீழ் கோர்ட்டுல ஜெயிச்சிட்டான், பாவி! எங்கூட்டுக்காரரு போய் சேந்தப்பறம் எனக்கும் என் பொண்ணுக்கும் அந்த ஒரு ரூமு தான். அதுவும் போச்சின்னா ராயபுரத்துல எங்க போய் நிப்பேன்?

கேஸு யாராண்ட வந்திச்சு தெரிமா? எழில்மொழியாண்ட! நம்ம ஏரியா பொண்ணு. அவுங்க நைனா ஹார்பர்ல மூட்ட தூக்கினவரு. கார்ப்பரேசன் ஸ்கூலு, அப்பால லா காலேஜு. பெரிய வக்கீலு ஒர்த்தராண்ட ஏழு வருசம் கேஸு கட்ட தூக்கிகினு பின்னாடியே ஓடுச்சு. அப்பால கெவுருமெண்டு வக்கீலு. அப்பறம் ஐகோர்ட்டு ஜட்ஜு! இன்னா மனப்பாடமா சொல்றாளேன்னு பாக்கறியா? ஜட்ஜு ஆனப்ப இத்தயெல்லாம் விசாரிச்சி ஃப்ளெக்ஸு அட்ச்சதே நான் தான!

மார்க்கெட் முனையில இருவதடி. 'எங்கள் ஆருயிர்த் தோழி நீதியரசர் எழில்மொழிக்கு வாழ்த்துகள், இவண் இட்லிக்கடை ஜானட்.' அவுங்க படம், பக்கத்துல என் படம். ஓசில துன்னவன்லாம் எந்திரிச்சி நின்னு காசு குட்த்தான் நைனா!

அத்த அந்த சாவியோ போன்ல புட்ச்சி வெச்சிகினு கீறான். நேத்து அவன் வக்கீலு எந்திரிச்சி காட்டிட்டான். ஜட்ஜம்மா படத்த பாத்தாங்க, என்ன பாத்தாங்க. "தெரிஞ்சவங்கன்னு பேச்சு வந்தா நான் விசாரிக்கறது சரியில்ல, வேற ஜட்ஜுகிட்ட அனுப்புங்க"ன்ட்டாங்க. காலி பண்ண வெக்காதன்னு குட்த்த தடையோ வர்ற வெள்ளிக்கெயம வரைக்கும் தான். அதுக்குள்ள புது ஜட்ஜாண்ட வருமோ, வராதோ!

இன்னா கேட்ட? தோஸ்தா? அட நீ வேற! ஸ்கூல்ல அது எனக்கு ரெண்டு கிளாஸு மேல. ஒரு வார்த்த பேசினதில்ல. என் பேரு கூட தெரியாது அதுக்கு. "அம்மா, சத்தியமா உங்கள எனக்கு தெரியவே தெரியாது"ன்னு அங்கியே கத்தலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சு. எப்டி கத்துவேன்? படத்துல அவுங்க தோளு மேல கைய போட்டுகினு ஈன்னு இளிச்சிகினு நிக்கறேனே! ஃப்ளெக்ஸு கடக்காரன் ரெண்டு படத்தையும் ஒட்டறப்பவே, சும்மா பக்கத்துல நிக்க வெச்சா போதும்க்கா, கை எல்லாம் வேணாம்னு தான் சொன்னான்…

நான் தான் போட்டே ஆவணும்னு சண்ட போட்டேன்.