லியோப் அம்மையாரின் இரண்டு நாற்காலிகள்

ஜப்பானில் உலகக்கோப்பை நடந்து, நம் நைஜீரியப் பையன்கள் ஒரு ஆட்டமும் ஜெயிக்காமல் திரும்பிய வருஷம் அது. இந்தக் குராதோ ஊருக்கு முதன்முதலாகக் கைப்பேசி வந்ததும், மழை முந்திக்கொண்டதால் அச்சா தானியம் வயலிலேயே அழுகியதும் அந்த வருஷம்தான். அதிலிருந்து தொடங்குகிறேன். மேடையில் வீற்றிருக்கும் பாதிரியாரே, இமாமே, வானொலி நிலையத்துப் பெரியோரே, வயல்காரர்களே, என் மேய்ப்பர் குடிமக்களே, பொறுத்துக் கேளுங்கள். எனக்கு எழுத்து தெரியாது. எழுதி வைத்துப் பேசவில்லை.

அந்த வருஷம் நாம் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தோம். தெற்கிலிருந்து வரும் பத்திரிகையில் வயல்காரர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். மேய்ப்பர்கள் மோதலில் உயிரிழந்தார்கள். வடக்கு வானொலியில் மேய்ப்பர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். வயல்காரர்கள் மோதலில் உயிரிழந்தார்கள். பிணம் ஒன்றுதானே? வெட்டுக்காயம் ஒன்றுதானே?

நம் ஊர் வானொலிச் செய்தியாளர் லியோப் அம்மையார் என்ன செய்தார்? தன் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டார். ஒன்றில் வயல்கார சோலோம். இன்னொன்றில் நான், மாடு மேய்க்கிற யேரோ. செய்தியை எங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் ஊருக்குப் படிப்பார். ஒரு சொல் தப்பென்று எங்களில் எவனாவது எழுந்து நின்றால் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசித் தீர்ப்பார். கொன்றவர் யார் என்று சொல்லாமல் விடமாட்டார். செத்தவரின் பெயரைத் தாயின் பெயரோடுதான் படிப்பார்.

நாங்கள் சும்மா இருப்போமா!

"யோவ் யேரோ, உன் மாடு நேத்தும் என் வயல்லதான் மேஞ்சுது. நீ இங்க நியாயம் கேக்க உக்காந்திருக்க!"

"உன் அச்சாவத் தின்னுட்டு அதுக்கு வயித்துவலிய்யா. வைத்தியச் செலவ யார் குடுப்பா?"

அம்மையார் தலை நிமிராமலே சொல்வார்: "ரெண்டு பெருசும் வாய மூடுங்க. மைக்க திறக்கப் போறேன்."

பிறகு ஒரு சந்தை நாள். சைக்கிளில் வெங்காயம் கொண்டுபோன அவர் மகன் சுவாங்கை வெட்டிப் போட்டார்கள். வெட்டியவர்கள் என் குடிப் பையன்கள். சந்தையே பார்த்தது. அன்று மாலையும் அம்மையார் வந்தார். ஐயோ, அன்றைக்குமா வருவாள் ஒரு தாய்! வந்தார். உட்கார்ந்தார். படித்தார்:

"சந்தைச் சாலையில் நடந்த மோதலில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்."

சோலோம் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"என்னண்ணா?" என்றார்.

"யாரோட யாரும்மா மோதினா? வெங்காய மூட்டை வச்சிருந்த பையன் யாரோட மோதினான்?"

"உள்ளதச் சொன்னா இன்னைக்கே உங்க குடிசைங்களுக்கு நெருப்பு வைப்பாங்க அண்ணா. உங்க பேரப்பிள்ளைங்க அங்கதானே இருக்கு."

"போன மாசம் என் தம்பி மக தக்கோவ வெட்டினப்போ, வயல்காரங்க வெட்டினாங்கன்னு படிச்சே. இந்த சோலோம் எழுந்திருக்கல. இன்னைக்கு உன் புள்ளைய நீ மோதல்ல செத்தான்னு படிச்சா, நாளைக்கு அவளும் மோதல்ல செத்தவளா ஆயிடுவா. உள்ளதப் படிம்மா."

அவர் அடித்து எழுதினார். ஊருக்குப் படித்தார். "மேய்ப்பர் குடி இளைஞர்கள் சுவாங்கை வெட்டிக் கொன்றார்கள். தாயின் பெயர் லியோப்." அதற்கு மேல் வானொலி சும்மா இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலை நீங்களும் கேட்டீர்கள்.

நெருப்பு வந்தது. அதற்கு முன்னால் ஓடிவந்து என் பேரப்பிள்ளைகளைத் தூக்கிப் போனவர் சோலோம். என் மனைவி கும்போ கன்றுகளை அவிழ்க்கப் போனாள். திரும்பவில்லை.

மறுநாள் அம்மையார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணியோட அம்மா பேரு என்ன?"

அன்று மாலை படித்தார்: "வயல்கார இளைஞர்கள் வைத்த நெருப்பில் கும்போ கொல்லப்பட்டார். தாயின் பெயர் ஜுல்தே." சோலோம் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே அழுதார். நான் வருந்தினேனா? கும்போவுக்காக இன்றும் வருந்துகிறேன். உள்ளதைப் படி என்று நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

இத்தனை வருஷம் கழித்து, நோயில் படுத்து நம்மை விட்டுப் போய்விட்டார் நம் லியோப். நேற்றே கைப்பேசிகளில் வந்துவிட்டதாம். ஒருவன் அவரை மேய்ப்பர்களின் ஊதுகுழல் என்கிறானாம். இன்னொருவன் வயல்காரர்களின் ஊதுகுழல் என்கிறானாம். அடப் பாவிகளா! அவரவர் பிணத்தை மட்டும் பார்க்கத்தானா கையில் அந்தக் கைப்பேசிக் கண்ணாடி?

நிலையத்தாரே, அந்த நாற்காலிகளை எடுத்துவிடாதீர்கள். நாளை மாலை செய்திக்கு முன்னால் என் நாற்காலியில் நான் இருப்பேன். கண் தெரியாவிட்டால் என்ன, காது கேட்கிறது. சோலோமின் நாற்காலிக்கு வயல்காரர்களில் ஒருவர் வாருங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், வாருங்கள்.

அந்த அறையில் உட்கார்ந்த மூவரில் சோலோம் போய்விட்டார். லியோப்பும் போய்விட்டார். மிச்சம் இருப்பது யேரோ. தாயின் பெயர் பெண்டா.